ஆத்தா குடியேறிய புதர்

ஜூலை 4, வியாழன்

இன்று ஓர் எலியால் என் பாடம் நாசமாய்ப் போனது. நிஜ எலி இல்லை, பிளஸ் டூ ஹரிகரன். ஆளுக்கொரு உயிரின் பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்தி வட்டமாக நிறுத்தி, யார் யாரைத் தின்கிறார்களோ அவர்களுக்கு நடுவே சணல் கயிறு இழுத்துக் கட்டியிருந்தேன். சாரைப்பாம்பு, கீரி, செம்போத்து, ஓணான், கும்பிடுபூச்சி, எருக்கு, சூரைமுள் என்று பள்ளிக்கூடப் பின்கொல்லையில் இருக்கிற எல்லாரும் வந்துவிட்டார்கள். "சாரைப்பாம்பு செத்துப்போச்சு, கயித்த விடு" என்றேன். விட்டதுதான் தாமதம், எலி "ஐ, ஜாலி!" என்று கயிற்றோடு வராந்தாவில் ஓட ஆரம்பித்துவிட்டான். பின்னாலேயே மொத்த உயிர்க்கோளமும் இழுபட்டு விழுந்தது.

"டேய் எலி, ஓடுறது சரிதான்டா, கயித்த வச்சிட்டு ஓடுடா!" என்று கத்தினேன். எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

மோனிஷா மட்டும் தன் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எருக்கு. "சார், பாம்பு செத்ததுக்கு என் கயிறு ஏன் சார் தொய்யுது? நான் பாம்பத் திங்கலையே, பாம்பும் என்னைத் திங்கலையே?" அடி சக்கை! 'உயிரியப் பல்வகைத்தன்மை' என்று வாய் சுளுக்கும்படி பத்துப் பக்கம் அச்சடித்திருக்கிறார்கள், அத்தனையும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. "நாளைக்கு நீயே பதில் கண்டுபிடிச்சுட்டு வா. ஆதாரத்தோட" என்றேன். இருபத்தாறு வருடமாக நான் சொல்லிவருகிற ஒரே மந்திரம் இந்த 'ஆதாரத்தோட' தான். மந்திரம் என்று எழுதிவிட்டேன். அப்பா இருந்திருந்தால் உதைத்திருப்பார். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டே செத்தவர், எனக்கு அமெரிக்க நாத்திகர் இங்கர்சாலின் பெயரை வைத்தவர். பிள்ளைகளுக்கு நான் 'இங்கு சார்'.

ஜூலை 9, செவ்வாய்

பின்கொல்லையில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு சதுரமாக நூல் கட்டியாகிவிட்டது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். வருடம் முழுக்க அதற்குள் என்ன வருகிறது, போகிறது, செத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சத்துணவுக்கூடத்தை ஒட்டி, வண்டிப்பாதை வரைக்கும் கிடக்கிற முக்கால் ஏக்கர் புதர். நடுவில் ஆளுயரக் கரையான் புற்று ஒன்று. ஊரில் எல்லாருக்கும் அது வெறும் முள்ளுக்காடு.

சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை மக்காச்சோளம். போன வருடம் படைப்புழு வந்து அத்தனையையும் மொட்டையடித்தது. ஒரே பயிர், ஒரே புழு, ஒரே அழுகை. புதரை ஒட்டிப் பிள்ளைகள் போட்ட கத்தரியும் வெண்டையும் மட்டும் பூச்சிமருந்து பார்க்காமலே காய்த்தன. பொறிவண்டும் சிலந்தியும் தவிட்டுக்குருவியும் புதருக்குள் குடியிருந்துகொண்டு தோட்டத்துக்கு வேலைக்கு வந்து போகின்றன. இதைவிட நல்ல பாடப்புத்தகம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? எனக்கு உட்கார முடியவில்லை. சாயங்காலம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் இன்னொரு முறை போகலாமா என்று யோசித்தேன். என் மனைவி பூங்கோதை, "அங்கயே பாயப் போட்டுக்கங்க" என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். தலைவர் தங்கப்பிரகாசம் வெள்ளை வேட்டியில் வந்து, "நம்ம பள்ளிக்கூடத்தப் பாத்தா பாம்புப் பண்ண மாதிரி இருக்கு. பின்னாடி இருக்கிற முள்ளுக்காட்ட வழிச்சு எறிஞ்சிட்டு பேவர் பிளாக் போட்டுத் தர்றேன். பிள்ளைங்க பிரேயருக்கு நிக்கலாம்" என்றார். அந்தக் கல்லைச் செய்கிற பட்டறை அவருடையது, ஜேசிபியும் அவருடையது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து புதரைப் பற்றிப் பேசினேன். பொறிவண்டு என்றேன், உணவு வலை என்றேன். பின்வரிசையில் ஒருவர், "வாத்தியாருக்கு பாம்பு மேல என்ன பாசம்!" என்றார். சிரிப்பு. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூலை 18, வியாழன்

தலைமையாசிரியை சகாயமேரி நல்ல மனுஷி. என் கோபத்தை முழுசாகக் கேட்டுவிட்டு டீ வரவழைத்தார்.

"சார், தீர்மானம் போட்டாச்சு. எல்லாரும் கையெழுத்தும் போட்டாச்சு. திங்கக்கிழமை வண்டி வருது."

"ஒரு வருசம் தள்ளிப் போடச் சொல்லுங்க மேடம். பிள்ளைங்க ஆய்வு முடியட்டும்."

"நாளைக்கு ஒரு பிள்ளைய பாம்பு கடிச்சா நீங்களா சார் பதில் சொல்லுவீங்க? நான்தான சொல்லணும்."

டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன். வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. மோனிஷா, "சார், எங்க சதுரத்துல கும்பிடுபூச்சி முட்டக்கூடு வச்சிருக்கு!" என்று குதித்தாள். நான் அவளைக் காரணமில்லாமல் திட்டினேன்.

ஜூலை 20, சனி

ஆடி மாதம். தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். இந்த ஊரில் வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினால் போதும், நெடுஞ்சாலையே வளைந்து போகும் என்று பூங்கோதையிடம் எரிச்சலாகச் சொன்னேன். பிறகு அலாரத்தை ஐந்து மணிக்குத் திருப்பி வைத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. காலையில் நடக்கப் போனேன். முழங்கையில் முள் கீறல். ரோஜாச்செடி கிழித்துவிட்டது என்று பூங்கோதையிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் ரோஜாச்செடி கிடையாது.

ஜூலை 22, திங்கள்

யாரோ புற்றுக்கு மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். மஞ்சளும் குங்குமமும் அப்பி, வேப்பிலை செருகி, முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் நறுக்கி வைத்திருக்கிறார்கள். யார் பார்த்த வேலையோ.

ஜேசிபிக்காரர் வண்டியை ஆஃப் செய்துவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். "நம்மால ஆவாதுங்க. எனக்கு ரெண்டு பொம்பளப்புள்ள இருக்கு" என்றார். தங்கப்பிரகாசம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார், துணியைப் பார்த்தார், அவரும் செருப்பைக் கழற்றினார். வண்டி திரும்பிப் போய்விட்டது.

மாடி வராந்தாவிலிருந்து பிள்ளைகள் விசிலடித்தார்கள். எனக்கும் விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. வகுப்பில் சூழல் மண்டலத்தின் நிலைத்தன்மையை நடத்தினேன், இந்தப் பாடத்தை இவ்வளவு நன்றாக நான் நடத்தியதே இல்லை.

மதியம் சாப்பிடும்போது பூங்கோதை, "மஞ்சத்தூள் டப்பா பாதியா இருக்கே?" என்றாள்.

"ஆய்வுக்கு எடுத்தேன்."

"என் பழைய மஞ்சச் சேலையும் ஆய்வுக்கா?"

நான் ரசம் கேட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. புற்றுக்கு முன்னால் இருபது முப்பது பெண்கள். பால் ஊற்றினார்கள், முட்டை வைத்தார்கள். பரவாயில்லை, முட்டையைக் கீரி தின்றுவிட்டுப் போகும், சூழலுக்கு நல்லதுதான். மோனிஷாவின் அம்மா செல்வராணியும் வந்திருந்தார். பருத்தி எடுக்கப் போகிறவர். திருப்பூர் போன புருஷன் ஒரு வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லையாம், அதற்கு வேண்டுதல்.

வகுப்பில் ஹரிகரன் கேட்டான்: "சார், புத்துல ஆத்தா வந்துருச்சுங்கிறாங்களே, உண்மையா சார்?"

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். எப்போதும் நான் சொல்கிற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். "பாடத்துல கேள்வி இருந்தா கேளு" என்றேன். மோனிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பாதை வேண்டுமாம். வண்டிப்பாதையிலிருந்து புற்றுவரைக்கும் நொச்சியையும் காரைச்செடியையும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு சதுரங்கள் போயின. போகட்டும், மிச்சம் இருக்கிறதே.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடிப்பூரம் முடிந்த கையோடு வந்த வெள்ளி என்பதால் கூட்டம் தாங்கவில்லை. பொங்கல் வைக்க இடம் போதவில்லை என்று சூரைமுள்ளையெல்லாம் கழித்து அதையே போட்டு அடுப்பெரித்தார்கள். தகரக் கொட்டகை வந்துவிட்டது. ஒலிபெருக்கி சரியாக என் வகுப்பறை ஜன்னலைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. தவிட்டுக்குருவிகளைக் காணோம்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. யார் விட்டுக்கொண்டது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கூழ் ஊற்றினார்கள். தங்கப்பிரகாசம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு மைக்கைப் பிடித்து, இனிமேல் அவர்தான் தர்மகர்த்தா என்றார். முள்ளை வெட்ட வந்த அதே மனிதர்! ஆத்தா அவர் கனவில் வந்து, "எனக்கு வெளிச்சமா வை" என்றாளாம். ஆகவே புதரில் பாதிக்குமேல் வெளிச்சமாகிவிட்டது. புற்றின் அடியைச் சுற்றிச் சிமெண்டு மேடை. உள்ளே இருக்கிற கரையான் எப்படி மூச்சுவிடும்?

சகாயமேரி மேடத்திடம் ஓடினேன். "பள்ளிக்கூட இடம் மேடம் அது!"

அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சார், நான் வேதக்காரி. நான் வாயத் தொறந்தா நாளைக்கு ஊர் ரெண்டாயிரும். நீங்க கறுப்புச் சட்டை. நீங்க தொறந்தா மூணாயிரும். அந்தத் துணிய எவன் கட்டுனானோ அவன் நல்லா இருக்கட்டும், போங்க."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை.

செப்டம்பர் 3, செவ்வாய்

சத்துணவு அரிசி மூட்டையில் எலி. ஒன்றிரண்டு இல்லை, குடும்பம் குடும்பமாக. கீரியைப் பார்த்துப் பல வாரமாகிறது. பொறியில் விழுந்ததைப் பார்த்து ஹரிகரன், "சார், என் ஆளுங்க!" என்றான். வகுப்பே சிரித்தது, மோனிஷா சிரிக்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

கத்தரிச்செடி முழுக்க வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. பப்பாளியிலும் ஏறிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பொறிவண்டு தேடினார்கள். கிடைக்கவில்லை. புதர் இருந்தபோது ஒரு பூச்சி கூடினால் அதைத் தின்ன நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் போனாலும் மூன்று பேர் சமாளித்தார்கள். இப்போது ஒருவரும் இல்லை. மோனிஷா செடிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "சார், கயிறு ஏன் தொய்யுதுன்னு புரிஞ்சிருச்சு சார்."

ஆசிரியனாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அப்படியே எழுந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

செல்வராணியின் புருஷன் திருப்பூரிலிருந்து வந்துவிட்டார்! ஊர் முழுக்க இதே பேச்சு. கொட்டகைக்கு மணி வாங்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலாண்டு விடுமுறை முடிந்தது. தங்கப்பிரகாசம் பிளக்ஸ் வைத்திருக்கிறார். விஜயதசமியன்று பூஜை போட்டு, கொல்லை முழுவதும் பேவர் பிளாக் பதிக்கப் போகிறார்களாம், ஆத்தா சந்நிதிக்காக. மிச்சமிருக்கிற கால் ஏக்கரும் போய்விடும். ஜூலையில் அவர் என்ன கேட்டாரோ அது அப்படியே நடக்கப்போகிறது, ஒரே வித்தியாசம், இப்போது யாரும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது.

மதியம் மோனிஷா ஆய்வகத்துக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"சார், கல்லு பதிக்க வேணாம்னு சொல்லுங்க சார்."

"நான் சொன்னா எவன் கேப்பான்?"

"கட்டுனவங்க சொன்னா கேப்பாங்கல்ல சார்?"

நான் நுண்ணோக்கியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழம எங்க சதுரத்துல முட்டக்கூடு பொரிச்சிருச்சான்னு பாக்க வந்தேன் சார். நீங்க சேலையக் கட்டிட்டு, கொஞ்சம் தள்ளி நின்னு நல்லா இருக்கான்னு பாத்தீங்க. அப்புறம் திரும்ப வந்து குங்குமம் வச்சீங்க."

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்மா இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லல?"

"காட்டக் காப்பாத்தத்தான சார் கட்டுனீங்க." குரல் உடைந்தது. "இப்ப எப்புடி சார் சொல்றது? எங்கப்பா வந்துட்டாரு. ஆத்தாதான் கூட்டியாந்துச்சுன்னு அம்மா சொல்லுது. ஆத்தாவுக்குப் பயந்துக்கிட்டு அவரு குடிக்கிறதுகூட இல்ல. நீங்க உண்மையச் சொன்னா எங்க வீடு என்ன ஆவும்? சொல்லலைன்னா காடு போயிரும். எதச் சார் நான் வேணும்னு கேக்கிறது?"

பதினேழு வயதுப் பிள்ளை. என் பொய்யை இரண்டரை மாதமாகச் சுமந்திருக்கிறாள்.

சரி. எழுதிவிடுகிறேன். நான்தான் கட்டினேன். இந்த நாட்குறிப்பில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று பயந்தேனோ தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

புற்றுக்குத் துணி கட்டியது நான்தான் என்று பூங்கோதையிடம் சொன்னேன். "ஆடி மாசமே தெரியும்" என்றாள். "கல்யாணமான நாள்லேருந்து ஒரு கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு என்கிட்ட வீம்பு பண்ணிட்டு, போயும் போயும் நீங்களே ஒண்ணு கட்டிட்டீங்க. அதுவும் என் கல்யாணச் சேலையில!" பழைய சேலை என்றுதானே அன்றைக்குச் சொன்னாள்? கேட்கத் தைரியம் வரவில்லை.

"சனிக்கிழமை போய் எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்" என்றேன்.

"அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

"நானும் வர்றேன்" என்றாள்.

அக்டோபர் 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பந்தல் நிறைய ஆட்கள். லாரியில் கல் வந்து இறங்கியிருந்தது. பிள்ளைகள் ஒரு பக்கமாக நின்றார்கள். செல்வராணி புருஷனோடு முன்வரிசையில் இருந்தார். தங்கப்பிரகாசம் பேசி முடித்ததும் நான் போய் மைக்கை வாங்கினேன்.

"இந்தத் துணியக் கட்டுனது நான்" என்றேன். "ஜேசிபி இந்தக் காட்ட அழிச்சிரக் கூடாதுன்னு நான்தான் கட்டுனேன். எங்க வீட்டுச் சேல, எங்க வீட்டு மஞ்சத்தூள். இங்க யாரும் இறங்கி வரல. உங்க நம்பிக்கைய என் காரியத்துக்குப் பயன்படுத்திக்கிட்டேன். தப்பு. மன்னிச்சிருங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "பொய்யி! கறுப்புச் சட்டக்காரன் ஆத்தாவக் கெளப்பப் பாக்குறான்!" உடனே சலசலப்பு. "இவரு கையில குங்குமத்தத் தொடுவாரா?" என்றார் இன்னொருவர். "வாத்தியாரே, மரியாதையா எறங்குங்க" என்று தங்கப்பிரகாசம் மைக்குக்குக் கை நீட்டினார். இளவட்டங்கள் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பூங்கோதை என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"உண்மதான்" என்றது ஒரு குரல். மோனிஷா. பிள்ளைகள் கூட்டத்திலிருந்து வெளியே வந்து அவள் அம்மாவுக்கு முன்னால் நின்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "சார்தான் கட்டுனாரு. நான் பாத்தேன். ஞாயித்துக்கிழம காலையில. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

நான் கற்றுக்கொடுத்த பிள்ளை. ஆதாரத்தோடு வந்து நிற்கிறாள். செல்வராணி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புற்றைப் பார்த்தார். ஓங்கி மகளை அறையப்போகிறார் என்றே நினைத்தேன். அந்த அம்மாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஆத்தா! தாயே! சாமியே இல்லன்னு சொன்ன மனுசன் கையாலயே சேல வாங்கிக் கட்டிக்கிட்டியே! அதுக்குச் சாட்சியா எம் புள்ளையக் கொண்டாந்து நிறுத்திட்டியே!"

அவ்வளவுதான். பந்தல் முழுக்கக் குலவை. யாரோ என் காலில் விழுந்தார்கள். "அதுக்கில்லம்மா, கேளுங்க" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிய அதே பையன்கள் மரியாதையாக அதை இறக்கிவிட்டார்கள். உண்மையைச் சொன்னேன், உண்மை என்று நம்பவும் செய்தார்கள், நம்பி அதையே அற்புதம் ஆக்கிவிட்டார்கள். இதற்கு என்ன செய்ய முடியும்? அடித்திருந்தால்கூட நிம்மதியாக வாங்கியிருப்பேன்.

தங்கப்பிரகாசம் கெட்டிக்காரர். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். மைக்கை அவரே என் வாய்க்கருகில் பிடித்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க சார். கல்லு பதிக்கலாமா, வேணாமா? ஆத்தா உங்ககிட்ட என்ன சொல்லிச்சு?"

மோனிஷா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆத்தாவுக்குக் காடு வேணுமாம்' என்று ஒரே வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

"ஆத்தா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றேன். "நான் சொல்றேன். வாத்தியாராச் சொல்றேன்." எலியைச் சொன்னேன். கீரி எங்கே போனது என்று கேட்டேன். மாவுப்பூச்சி ஏறிய கத்தரிச்செடியைப் பிடுங்கிக் காட்டினேன். சோளத்தில் படைப்புழு வந்த வருடத்தை நினைவுபடுத்தினேன். "ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். எல்லாத்தையும் வெட்டிட்டா எது தாங்கும்? மிச்சக் காட்ட விட்ருங்க. வெட்டுன எடத்தையும் சும்மா விட்டா அதுவா வளரும். சிமெண்ட எடுத்திருங்க, புத்து மூச்சு விடட்டும். கல்லு வேணாம்." இருபத்தாறு வருடத்தில் இதைவிட எளிமையாக இந்தப் பாடத்தை நான் நடத்தியதில்லை. அத்தனை பேரும் அசையாமல் கேட்டார்கள்.

முடித்ததும் செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆத்தா சொல்லிருச்சு. காடு வேணுங்குது."

குலவை. தங்கப்பிரகாசம் பரிவட்டத்தை எடுத்து என் தலையில் கட்டினார். கறுப்புச் சட்டை, தலையில் பரிவட்டம். லாரிக்காரர் கல்லைத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தார். நான் அழுதேன். பக்திக் கண்ணீர் என்று பக்கத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்.

அக்டோபர் 14, திங்கள்

பிளக்ஸில் என் படம். இதைப் பற்றி எழுத விருப்பமில்லை. பூங்கோதை அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

மோனிஷா புதிதாக நூல் கட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய இடத்தில், மொட்டைத் தரையில். "சார், காடு பொழச்சிருச்சுல்ல. அப்புறம் ஏன் சார் மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கீங்க?"

"ஒருத்தருக்கும் புரியலையே மோனிஷா. கேட்டாங்க, ஆனா புரிஞ்சா கேட்டாங்க?"

அவள் முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குப் புரிஞ்சுது சார்." பிறகு தயங்கி, "எங்கம்மாகிட்ட இனிமே ஒண்ணும் சொல்லாதீங்க சார்" என்றாள்.

சொல்லமாட்டேன் என்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

மழைக்கு எருக்கும் ஆவாரையும் முளைத்திருக்கின்றன. கீரி இன்னும் வரவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

அரையாண்டுத் தாள் திருத்துகிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி: உயிரியப் பல்வகைத்தன்மை சூழல் மண்டலத்தை எவ்வாறு நிலைப்படுத்துகிறது? பெரும்பாலானவர்கள் புத்தகத்தை மனப்பாடம் செய்து கொட்டியிருக்கிறார்கள். மோனிஷா பக்கத்தை நிரப்பி, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அட்டவணை போட்டிருக்கிறாள். ஐந்து.

அனுசுயா என்று ஒரு பிள்ளை. கடைசி பெஞ்சு. வருடம் பூராவும் வாயைத் திறந்ததில்லை, போன தேர்வில் எழுபதுக்கு எட்டோ ஒன்பதோ வாங்கியவள். அவள் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து வாசல்வரை போய்வந்தேன். நொச்சி போனதும் தவிட்டுக்குருவி போனதை எழுதியிருக்கிறாள். குருவி போனதும் எந்தப் பூச்சி கூடியது, பாம்பும் கீரியும் போனதும் எலி ஏன் கூடியது, ஒரே வேலையைப் பல உயிர் செய்தால் ஒன்று போனாலும் ஏன் தாக்குப்பிடிக்கும் என்று, புத்தகத்தில் இல்லாத சொற்களில், அவள் வீட்டுப் பேச்சில், ஒரு பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கேள்விக்கு எனக்கு வந்த மிக நல்ல பதில் இதுதான்.

கடைசி வரி: 'ஆகையால் ஆத்தா இங்கர்சால் சார் மேல் இறங்கி வந்து காட்டைக் காப்பாற்றினாள்.'

சிவப்புப் பேனாவை அந்த வரிமேல் வைத்தேன். எடுத்தேன். டீ போட்டுக் குடித்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். பூங்கோதை எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்ங்க, முழுசாப் போடுங்க" என்றாள்.

நாலரை போட்டேன். கூட்டல் போட்டு அடுத்த தாளை எடுத்தபிறகும் மனம் அங்கேயே நின்றது. குறைத்த அந்த அரை மதிப்பெண் அவளுடையதில்லை, என்னுடையது.